ஜனவரியில் ஃபார்வர்டை விற்ற மன்னார்க்காரன்

"ஜனவரி, இரண்டாவது செவ்வாய். பயிற்சி விடுமுறை. மன்னார்க்காரன் கிளப் தன் ஃபார்வர்டை விற்கிறது. வாங்குவது நாங்கள். புத்தி பிசகியிருப்பது அவர்களுக்கா எங்களுக்கா என்று தெரியவில்லை. ஜூன் வரை பார்க்க வேண்டும்."

என் தினக்குறிப்பில் உள்ளபடியே மேலே எடுத்து எழுதியிருக்கிறேன். வருஷத்தை மட்டும் விட்டுவிட்டேன். வருஷத்தைச் சொன்னால் எந்தக் கிளப், எந்த ஆட்டக்காரர் என்று நீங்கள் ஒரு டீ குடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். தேதி விஷயத்தில் நான் எவ்வளவு கறார் என்று தெரிந்தவர்கள் இதற்காக என்னை மன்னிக்க வேண்டும்.

இந்த வளைகுடா நாட்டுக் கால்பந்துக் கிளப்புகளின் வீடியோ அறைகளிலும் ஆட்டக்காரர் தேர்வுப் பிரிவுகளிலும் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களில் சிலர் போன மாதம் அஜ்மானுக்கு என்னைப் பார்க்க வந்தீர்கள். சீசன் பாதியில் ஆளை வாங்குவதா விற்பதா, அதை எப்படி முடிவு செய்வது என்று சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். நான் மழுப்பினேன். அந்தக் கேள்விக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பற்றிப் பேசாமல் அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. அவன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்று எழுத வந்தேன். இருக்கிறது என்று எழுதுவதுதான் சரி.

நான் வியாசர்பாடி. அவன் கடலுக்கு அந்தப் பக்கம், மன்னார். இரண்டு ஊரிலும் பந்து என்றால் காலால் உதைப்பதுதான். நாங்கள் இருவரும் ஒரே சீசனில் ஒரே கிளப்பில் வீடியோ வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்து, கொஞ்ச காலம் ஒரே ரூமில் இருந்தோம். பிறகு அவன் வேறு கிளப்புக்குப் போனான். குடும்பங்கள் வந்த பிறகு வாடகைக்குப் பயந்து இருவருமே அஜ்மானில் அடுத்தடுத்த கட்டடங்களில் குடியேறினோம். காலையில் அவன் காரில்தான் நானும் போவேன். அவன் கிளப் முதலில் வரும். அங்கே அவன் இறங்கிக்கொள்ள, நான் சக்கரத்தைப் பிடித்து என் கிளப்புக்குப் போவேன். மாலையில் அவனை ஏற்றிக்கொண்டு திரும்புவேன்.

எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. ஜனவரி மாதம் முழுக்கக் காரில் ஆட்டக்காரர் பேச்சு கூடாது. கிளப்புகள் ஆளை வாங்கவும் விற்கவும் அனுமதியுள்ள பதிவுச் சாளரம் திறந்திருக்கும் மாதம் அது. அவன் கிளப்பும் என் கிளப்பும் எந்த நேரத்திலும் ஒரே ஆளுக்குப் போட்டி போடலாம், அல்லது ஒருவருக்கொருவர் விற்கலாம். ஆகவே பிள்ளைகளின் பரீட்சை, மீன் விலை, 311 சாலையின் நெரிசல் என்று பேசிக்கொண்டு போவோம். நீங்களும் இந்தத் தொழிலில் நண்பர்களை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இப்படி ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த சீசன் தொடங்கும்போதே எங்கள் கிளப்பில் ஆட்டக்காரர் தேர்வுக்குத் தலைவராக இருந்த போர்ச்சுகீசியர் ஊர் திரும்பிவிட்டார். அவர் நாற்காலி காலியாக இருந்தது. கிளப்பின் விளையாட்டு டைரக்டர், தானும் ஒரு காலத்தில் ஆடியவர், இந்த நாட்டுக்காரர், என்னைக் கூப்பிட்டு, "ஜூனில் முடிவு செய்வேன். இந்த சீசனில் யார் கண் சரியாகப் பார்க்கிறது என்று பார்க்கிறேன்" என்றார். கிளிப் வெட்டித் தருகிற நம்மூர் ஆட்களுக்கு அந்த நாற்காலி சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆனால் எனக்குத்தான் என்று அலுவலகம் நம்பியது, என் மனைவி நம்பினாள். அவர்கள் எல்லாரையும்விட நான் நம்பினேன்.

டிசம்பர் முடியும்போது நாங்கள் இரண்டாவது இடத்தில் இருந்தோம். மன்னார்க்காரன் கிளப் பட்டியலின் நடுவில் எங்கோ கிடந்தது. ஆனால் அந்த லீகிலேயே நல்ல ஃபார்வர்ட்களில் ஒருவர், ஒரு பிரேசில்காரர், அவர்களிடம் இருந்தார். அவரைப் பார்க்கும் போதெல்லாம் எங்கள் டைரக்டரின் முகம் கடை வாசலில் நிற்கிற பிள்ளையின் முகமாகிவிடும்.

செய்தி வந்த செவ்வாய்க்கிழமையே கூட்டம் போட்டார். டைரக்டர், பயிற்சியாளரின் உதவியாளர், ஆட்டக்காரர் பதிவைப் பார்த்துக்கொண்ட திருச்சூர் பிஜு, நான். பேச்சு ஆங்கிலமும் இந்தியுமாக நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

"ஒரு கோல் அடிக்கிறவன் வந்தால் பட்டம் நமக்கு. அவர்கள் தரத் தயார்," என்றார் டைரக்டர். "பதிலுக்கு நம் இளம் மிட்ஃபீல்டரைக் கேட்கிறார்கள். அவன் நமக்கு ஆடுவதே இல்லை. யல்லா, கொடுத்துவிடலாம்."

அந்த மிட்ஃபீல்டர் சூடான் குடும்பத்துப் பையன், இந்த நாட்டிலேயே பிறந்தவன். இங்கே பிறந்து வளர்ந்தவர்களை வெளிநாட்டு இடக்கணக்கில் சேர்க்காமல் ஆடவிடலாம் என்ற விதி அப்போது புதிது. அதன் மதிப்பு எங்களில் பலருக்கு விளங்கவில்லை.

"சரி, வெளியே போவது யார்?" என்று கேட்டேன்.

இதை விளக்கிவிடுகிறேன். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு இங்கே கணக்கான இடங்கள்தான் உண்டு. புதிதாக ஒருவரைப் பதிய வேண்டுமானால், ஏற்கெனவே இருக்கிற ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுத்தாக வேண்டும். ஆகவே ஜனவரியில் யாரும் எதையும் வாங்குவதில்லை, ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை மாற்றிக்கொள்கிறார்கள். பத்திரிகைகள் வருகிறவரின் படத்தைப் போடும். போகிறவரின் படத்தைத் தேடிப் பார்ப்பது உங்கள் வேலை.

பிஜு காகிதத்தைப் புரட்டாமலே சொன்னான். "நம்ம பேக்கை அனுப்பலாம் சார். காண்ட்ராக்ட் ஜூனோடு தீருது. ஃபேமிலி இங்க இல்ல. ஸ்கூல் அது இதுன்னு ஒண்ணும் கிடையாது. அவனை அனுப்புறதுதான் ஈஸி."

பேக் என்றால் தடுப்பாட்டக்காரர்; கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுத்த அவர் நைஜீரியர். கூட்டத்தில் யாரும் அவரைத் தேவையில்லாதவர் என்று சொல்லவில்லை. அனுப்புவதற்குச் சுலபமானவர் என்றுதான் சொன்னார்கள். வளைகுடாவில் ஜனவரியில் நடக்கிற தவறுகளில் பெரும்பாதி இந்த இடத்தில் நடக்கிறது. வேறு நாட்டு லீகுகளில் எது தேவையில்லை என்று பார்த்துக் கழிப்பார்கள். இங்கே எவருடைய விசாவை முடிப்பது சுலபம், எவர் பெட்டி சிறியது என்று பார்த்துக் கழிக்கிறோம்.

நான் சொன்னேன். "இந்த சீசனில் நாம் ஜெயித்த ஆட்டங்களைப் பாருங்கள். ஒரே கோல் வித்தியாசம். கடைசி நேரத்தில் பந்தை வெளியே தள்ளித் தப்பித்தவை. அந்த பேக்தான் தள்ளினார். நாம் பட்டத்துக்கு மோதுகிற அணி இல்லை சார். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற அணி, அதிர்ஷ்டத்தில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த ஃபார்வர்ட் வேண்டாம்."

டைரக்டர் கோபப்படவில்லை. எனக்குக் காவா காப்பி ஊற்றிக் கொடுத்தார். "நாம் இரண்டாவது இடத்தில் இருக்கிறோம். நீ ஆறாவது இடத்துக்காரன் மாதிரி பேசுகிறாய்."

"இரண்டாவது இடத்துக்கு அந்த பேக்தான் சார் தூக்கி வந்தார்."

"நன்றாகப் பேசுகிறாய்," என்று சிரித்தார். "கலாஸ், பேச்சு முடிந்தது. வாங்குகிறோம்."

நான் லேப்டாப்பை மூடினேன். அது என் கருத்து, சொல்லிவிட்டேன், இனி அவர் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காரில் அவன் ஒன்றுமே பேசவில்லை. மீன் விலைகூட இல்லை. நான்தான் விதியை மீறினேன்.

"ஏன்டா, வித்துட்டீங்களே?"

கண்ணாடியைப் பார்த்தபடி, "ஜனவரி, மச்சான்," என்றான்.

"கையெழுத்தே ஆயிடுச்சு. இனிமே என்ன ரகசியம்? சீசனையே கைவிட்டுட்டீங்களா?"

"அங்க பார், அந்த லொறிக்காரன் என்ன மாதிரி வெட்டுறான் எண்டு."

"லாரியை விடு. நீதான் விக்கச் சொன்னியா?"

"மச்சான், உனக்குக் கதைக்க வேணுமெண்டா பெப்ரவரியில கதை. இப்ப வாயை மூடிக்கொண்டு இரு."

பிப்ரவரியில் நான் கேட்கவில்லை. அவன் சாமர்த்தியமாக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. நிச்சயமான பிறகு கேட்பது எனக்கு அவமானமாகப் பட்டது.

நைஜீரியர் புறப்படும் முன் வீடியோ அறைக்கு வந்தார். தன் ஆட்டங்களின் கிளிப்புகளை ஒரு டிரைவில் போட்டுத் தரச் சொன்னார். குவைத்தில் ஒரு கிளப் பேசிக்கொண்டிருந்தது, அவர்களுக்குக் காட்ட வேண்டும். கோப்புகள் ஏறும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து தன் ஆட்டத்தையே பார்த்தார். "நான் என்ன தப்பு செய்தேன் பாய்?" என்று கேட்டார். தப்பு எதுவும் இல்லை, உன் பெட்டி சிறியது என்று எப்படிச் சொல்வது? "மாஃபி முஷ்கிலா, ஒரு பிரச்சினையும் இல்லை, நீ நல்ல பிளேயர்," என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு டிரைவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பின் நடந்ததை நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரேசில்காரர் வந்த வேலையைச் செய்தார். கோல் அடித்தார். எங்கள் ரசிகர்கள் அவர் பேரைப் பாட்டாகப் பாடினார்கள். ஆனால் நாங்கள் இரண்டு அடித்தால் மூன்று வாங்கினோம். ஆட்டம் முடிகிற நேரத்தில் பந்தைத் தள்ளி அனுப்ப ஆள் இல்லை. மார்ச்சில் மூன்றாவதானோம், ஏப்ரலில் அதற்கும் கீழே. மன்னார்க்காரன் கிளப்போ ஃபார்வர்ட் போன இடத்தில் புதிதாக எவரையும் பதியவில்லை. வெளிநாட்டு இடம் ஒன்றைக் காலியாகவே வைத்துக்கொண்டு, சின்னப் பையன்களை ஆடவிட்டது. முதல் சில ஆட்டங்களில் உதை வாங்கினார்கள். பிறகு எங்கள் சூடான் மிட்ஃபீல்டர் விழித்துக்கொண்டான். ஏப்ரலில் எங்கள் மைதானத்துக்கே வந்து, எங்கள் பேக் நின்றிருக்க வேண்டிய இடைவெளியில் பந்தைப் போட்டுப் போட்டு எங்களைத் தோற்கடித்தான்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு டிவியில் பழைய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். நடு சீசனில் நட்சத்திரத்தை விற்று அடுத்த அணியைக் கட்டத் துணிந்த கிளப் என்று ஒரே பாராட்டு. கட்டுவது என்ற சொல்லை அந்தத் திரையில் அவர்கள் உச்சரிக்க உச்சரிக்க, அது என் வாயிலிருந்து திருடப்பட்டது போல இருந்தது.

என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். "உங்க ஃப்ரெண்டு கிளப்பைப் பத்தி டிவில பேசறாங்க போல?"

"தெரியும்."

"அவரு ஐடியாவாமே?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவரு வீட்டம்மாகிட்ட நானாத்தான் கேட்டேன். சிரிச்சாங்க."

"சிரிச்சா என்ன அர்த்தம்?"

"சிரிச்சா சிரிப்புன்னு அர்த்தம். இப்ப உங்களுக்குச் சோறு வேணுமா, சண்டை வேணுமா?"

சோறுதான் வேண்டும் என்றேன். ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் வந்தது. டைரக்டர் கூப்பிட்டார். அது ஜூன் முதல் வாரமா இரண்டாவதா என்பதில் என் குறிப்பு தெளிவாக இல்லை. அன்று மட்டும் கையெழுத்து மோசம்.

"உன் கிளிப்புகள் நல்லவை," என்றார். "உன்னைப் போக விடமாட்டேன். ஆனால் அந்த நாற்காலிக்கு நான் அவர்கள் ஆளைக் கூப்பிடுகிறேன். உன் நண்பன், சிலோன்காரன்."

"சார், வாங்க வேண்டாம் என்று நான் சொன்னேன்."

"சொன்னாய். ஆனால் என்னை நிறுத்தவில்லையே. அவன் எனக்கு விற்றான். நான் சந்தோஷமாக வாங்கினேன். எனக்கு விற்கத் தெரிந்தவன் எனக்கு வேண்டும்."

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடியோ அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காரில் அவனே ஆரம்பித்தான். "மச்சான், உங்கட கிளப்பில இருந்து கூப்பிட்டவை."

"தெரியும்."

"உனக்குத்தான் அது எண்டு நான் நினைச்சிருந்தன். நீ வேண்டாமெண்டு சொல்லு, நான் வரேல்ல. சத்தியமாச் சொல்லுறன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "வாடா. எனக்கென்ன? தினமும் உன்னைப் பாதியில் இறக்கிவிடுகிற வேலை மிச்சம்," என்றேன். அவன் சிரித்தான். விட்டுக்கொடுக்கிற பெருந்தன்மை ஒன்றாவது என் பங்குக்கு வரும் என்று பார்த்தால் அதையும் அவன் முதலில் எடுத்துக்கொண்டான்.

இனி நான் சொல்லப் போகிற இரண்டாவது ஜனவரியில்தான் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது.

அவன் தலைவராக வந்த முதல் சீசன். மறுபடி நாங்கள் மேலே இருந்தோம். இம்முறை ஆட்டத்தில் வலு இருந்தது, ஆனால் பையன்கள் இளசு. ஜனவரி முழுக்க அவன் யாரையும் வாங்கவில்லை, விற்கவும் இல்லை. ரசிகர்கள் ஃபோனில் திட்டினார்கள். சாளரம் மூடுகிற நாள் காலைப் பயிற்சியில் எங்கள் இடது பேக், உள்நாட்டு ஆட்டக்காரர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மீதி சீசனுக்கு அவர் இல்லை என்று டாக்டர் சொன்னார். டைரக்டரின் ஃபோனில் ஏற்கெனவே ஓர் ஏஜென்டின் செய்தி தயாராக இருந்தது. ஓமானில் ஆடிக்கொண்டிருந்த ஒரு செர்பியர். அவருக்கு இடம் கொடுக்க எங்கள் இடது விங்கரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். விங்கரின் காண்ட்ராக்ட் ஜூனில் முடிகிறது, பிள்ளை குட்டி இல்லை. பிஜு பேசத் தொடங்கும் முன்பே அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

மன்னார்க்காரன் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"நீ சொல்லு. நான் உள்ள போய் என்ன சொல்லுறது?"

"நீதானே தலைவன். என்னை ஏன் கேக்கிற?"

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கொண்டு நிக்காத. மூண்டு மணித்தியாலம்தான் கிடக்கு. சொல்லு."

சொன்னேன். அந்த விங்கர் போனால் அந்தப் பக்கமே செத்துவிடும். ஓட்டையை அடைக்க வீட்டுச் சுவரை இடிக்கக் கூடாது. நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற அணி, பட்டியலில் இருக்கிற இடத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. போன வருஷம் டைரக்டரிடம் நான் சொன்ன அதே வார்த்தைகள். கொஞ்சம் கசப்போடும் சொன்னேன்.

அவன் கேட்டுவிட்டு, "சரி. அப்ப இடது பக்கம் யார் நிக்கிறது?" என்றான்.

போன வருஷமும் இப்படி ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாம் அணியில் ஒரு பையன் இருக்கிறான், வலது காலன், ஆனால் இடது பக்கத்தில் ஆடியிருக்கிறான் என்று யோசித்துச் சொன்னேன். "அவன்ர கிளிப் கிடக்கோ?" என்றான். இருந்தது. என் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். நானும் பின்னால் போனேன்.

அவன் உட்காரவில்லை. நின்றபடியே டைரக்டரிடம் பேசினான். விங்கர் போகக் கூடாது. நாம் கட்டிக்கொண்டிருக்கிற அணி, சார், மேலே இருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. ஓட்டையை அடைக்கச் சுவரை இடிக்கக் கூடாது. இதோ இந்தப் பையனை நிறுத்துவோம். மூன்று ஆட்டம் கொடுங்கள். தேறாவிட்டால் பழி என்மேல். என்னை அனுப்புவதும் சுலபம்தான், என் காண்ட்ராக்டும் ஜூனில் முடிகிறது.

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். டைரக்டர் கிளிப்பைப் பார்த்தார். திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். ஃபோனை எடுத்து ஏஜென்டுக்கு மாஃபி, இல்லை, என்று அனுப்பினார். வேறொன்றும் எழுதவில்லை.

என் சொற்கள், என் கிளிப், என் பையன். அவர் கேட்டது அவன் பேசியதை.

மன்னார்க்காரன் யோக்கியன். அந்த இடத்திலேயே என்னைக் காட்டி, "சார், இது முழுக்க இவர் சொன்னது," என்றான். டைரக்டர் அவன் தோளில் தட்டினார். "பார், அடக்கம் வேறு!" என்றார். அவன் எனக்குக் கொடுக்க வந்த பெயரும் அவன் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது. அன்று சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

ஆனாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் முதல் ஜனவரியில் சரியாகத்தான் பார்த்தேன். சரியாகப் பார்த்தது அவருக்கு எந்த உபயோகமும் இல்லை. வேண்டாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். வேண்டாம் என்றால் அதற்குப் பதில் யார், தப்பானால் யார் தலை என்று முடிவெடுக்கிறவன் கேட்பான். வாயால் கேட்காவிட்டாலும் மனசுக்குள் கேட்பான். மன்னார்க்காரன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பட்டியலில் நீங்கள் நிற்கிற இடத்தை நம்பாதீர்கள். போகிற ஆளின் படத்தைப் பாருங்கள். சுலபமானவரை அனுப்பாதீர்கள். இவற்றை எல்லாம் எவரும் கற்றுக்கொடுப்பார்கள். கழுத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுவதை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன். என்னால் கடைசிவரை முடியவில்லை.

அந்தப் பையன் முதல் ஆட்டத்தில் தடுமாறினான். இரண்டாவதில் பரவாயில்லை. மூன்றாவதில் அவனை எடுக்க வேண்டும் என்று யாரும் பேசவில்லை. பட்டம் வரவில்லை, கோப்பை ஒன்று வந்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் மன்னார்க்காரன் நடுவில் கொஞ்சம் கூச்சமாக நிற்கிறான். நான் ஓரத்தில், பாதி முகத்தோடு. அந்தப் படம் என் வீட்டில் மாட்டியிருக்கிறது. என் மனைவிதான் மாட்டினாள்.

அவன் கீழ் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். அவன் நல்ல தலைவன். அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்திருந்தால் பொறாமை எப்போதோ வெறும் கோபமாக ஆறிப்போயிருக்கும். இப்போது அவன் சவுதியில் இன்னும் பெரிய கிளப்பில் இருக்கிறான். செய்தியில் அவன் பெயர் வரும்போதெல்லாம், அந்த ஃபார்வர்டை விற்ற ஆள் என்றுதான் இன்றும் எழுதுகிறார்கள்.

நான் ஓய்வு பெற்ற வருஷம்தான் இசக்கி அண்ணாச்சியும் ஓய்வு பெற்றார். மன்னார்க்காரனின் பழைய கிளப்பில் ஜெர்சி, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர், திருநெல்வேலிக்காரர். இருவருக்கும் சேர்த்து அஜ்மானில் ஒரு பிரியாணி விருந்து வைத்தார்கள். சாப்பிட்டு முடித்து விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் மன்னார்க்காரனின் பேச்சை எடுத்தேன். அவன் விற்ற விற்பனையைப் பற்றி நான் சொன்னதும் அண்ணாச்சி என்னை வினோதமாகப் பார்த்தார்.

"அவரா வித்தாரு? யாருவே சொன்னா? அன்னைக்கு விக்காதிய விக்காதியன்னு அவருல்லா மல்லுக்கட்டுனாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜெர்சி ரூமுக்கும் அந்த ரூமுக்கும் ஒரே சுவரு. சத்தம் கேக்காம இருக்குமா? மேல உள்ளவங்க முடிவு பண்ணிட்டாங்க, இவரு பேச்சு எடுபடல. பொறவு வந்து என் ரூம்ல பெஞ்சுல உக்காந்தாரு."

"இங்கிலீஷ்ல பேசியிருப்பாங்களே அண்ணாச்சி. உங்களுக்கு எப்படி விளங்கிச்சு?"

"நோ நோன்னு கத்துறதுக்கு எம்புட்டு இங்கிலீஷ்வே வேணும்?"

"ஃபார்வர்டை வித்த ஜனவரியா? அதுக்கு முந்தின வருஷம் கோல்கீப்பரையும் வித்தீங்களே. அப்போவா?"

அண்ணாச்சி யோசித்தார். "ஃபார்வர்டுதான்," என்றார். கொஞ்சம் கழித்து, "கோல்கீப்பரும் இருக்கலாம். ரெண்டு ஜனவரியும் ஒண்ணு மாதிரிதானவே இருக்கும்," என்றார்.

அண்ணாச்சி இப்போது ஊரில் இருக்கிறார். ஃபோனில் கேட்டால் ஒரு முறை ஃபார்வர்ட் என்கிறார், இன்னொரு முறை நினைவில்லை என்கிறார். அந்தக் கிளப்பின் அன்றைய டைரக்டருக்கு நான் அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. மன்னார்க்காரனிடமே கேட்டேன். "வயசு போன காலத்தில உனக்கு வேற வேலை இல்லையே மச்சான்?" என்று சிரித்தான். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அண்ணாச்சி சொன்னது உண்மையானால், அந்த ஜனவரியில் அவன் பேச்சையும் அவன் கிளப் கேட்கவில்லை. தடுக்கப் பார்த்துத் தோற்ற ஒரு விற்பனைக்காக அவனுக்கு என் நாற்காலி கிடைத்திருக்கிறது. அதை வாயைத் திறந்து மறுக்க முடியாமல் அவன் இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறான்.

இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை. சரிபார்க்கும்வரை அவன்மேல் பொறாமைப்படுவதை நிறுத்த எனக்குக் காரணம் இல்லை.